கொண்டதும் ஆண்டதும்: சோழர் நில விரிவாக்கத்தில் போரும் நிருவாகமும்

முன்னுரை

சோழர் கல்வெட்டுகளைப் பயில்வோர் 'கொண்ட' என்னும் சொல்லை மீண்டும் மீண்டும் எதிர்கொள்வர். விசயாலயன் தஞ்சை கொண்டான். முதலாம் பராந்தகன் மதுரை கொண்டான். முதலாம் இராசேந்திரன் கங்கையும் கடாரமும் கொண்டான். சோழரின் பகைவனாகிய இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனும் தன் தமிழ்க் கல்வெட்டுகளில் கச்சியும் தஞ்சையும் கொண்டவனாகவே குறிக்கப்பெறுகிறான். சொல் ஒன்றே, அது சுட்டும் அரசியல் உண்மையோ இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. தஞ்சையை விசயாலயன் கொண்டதிலிருந்து நானூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்த ஓர் அரசு தோன்றியது. கிருட்டிணன் கொண்டதாகக் கூறும் தஞ்சையில் அவனது ஆட்சி நிலைகொள்ளவில்லை. அவ்வாறாயின் கடாரத்தை இராசேந்திரன் கொண்டது இவ்விரண்டில் எவ்வகையைச் சாரும்?

மலேசியத் தமிழ் வகுப்பறைகளில் இவ்வினா அடிக்கடி எழுவதுண்டு. சோழர் கெடாவை ஆண்டனர் என்று பெருமிதத்துடன் கூறுவோரும், அது வெறும் கடற்கொள்ளை என்று ஒதுக்குவோரும் உளர். ஆய்வுலகிலும் இதற்கு ஒப்பான இரு துருவங்கள் உண்டு. 1930களில் வெளிவந்த தம் சோழர் வரலாற்றில் கே.ஏ. நீலகண்ட சாத்திரியார் மையப்படுத்தப்பட்ட வலிமையான பேரரசு ஒன்றைக் கண்டார். 1980இல் பர்ட்டன் ஸ்டைன், சோழ மன்னனின் உண்மை அதிகாரம் காவிரிப் படுகைக்கு அப்பால் பெரும்பாலும் சடங்கு நிலையிலேயே இருந்தது என வாதிட்டார். 1983இல் ஜார்ஜ் ஸ்பென்சர், சோழரின் தொலைதூரப் படையெடுப்புகளுக்குக் கொள்ளைப் பொருளே அடிப்படைத் தேவையாக இருந்தது என்றார். நொபொரு கராசிமா, எ. சுப்பராயலு ஆகியோர் கல்வெட்டுச் சொற்களை எண்ணிக்கை முறையில் ஆராய்ந்து, இராசராசன் காலம் தொடங்கி அதிகாரிகளின் ஆட்சிக்கட்டமைப்பு வலுப்பெற்றதை நிறுவினர்.

இக்கருத்துகளுள் ஒன்றை மட்டும் ஏற்று ஏனையவற்றைத் தள்ள வேண்டியதில்லை என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. சோழரின் வெற்றிகள் அனைத்தும் ஒரே தன்மையன அல்ல. போர் ஒரு நாட்டின் வாயிலைத் திறந்தது. அந்நாடு சோழ நிலமாயிற்றா என்பதை நில அளவை, வரி, ஊரவை, கோயிற்கொடை ஆகியவையே முடிவு செய்தன. இதனை நான்கு நிலப்பகுதிகளின் வழி ஆராய்வோம்.

தொண்டை நாடு: தோல்வியையும் தாங்கிய ஆட்சி

சோழரின் முதற்பெரும் விரிவு வடக்கே தொண்டை நாட்டை நோக்கி அமைந்தது. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் முதலாம் ஆதித்தன் பல்லவ மன்னன் அபராசிதனை வென்று அந்நாட்டைத் தன் அரசுடன் இணைத்தான். அதன்பின் ஒரு தலைமுறைக்குள் அங்கு நடந்தது கவனத்திற்குரியது.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் தமிழாசிரியர் அனைவரும் அறிந்தவை. முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற அவை குடவோலை முறையை விவரிக்கின்றன. பாடநூல்களில் இவை பண்டைத் தமிழரின் மக்களாட்சிக்குச் சான்றாகவே காட்டப்படுகின்றன. உறுப்பினர் தகுதி பிராமண நிலவுடைமையாளருக்கு மட்டுமே உரியதாக இருந்தமையால் அவ்விளக்கம் பகுதியளவிலேயே பொருந்தும். அதனினும் முதன்மையான செய்தி ஒன்று பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. இவ்விதிகளை ஊர்ச்சபை தனித்து இயற்றவில்லை. மன்னனின் ஆணைப்படி, அவன் அனுப்பிய அதிகாரி உடனிருக்கவே இயற்றியது. 919இல் அவ்வாறு உடனிருந்தவன் தத்தனூர் மூவேந்தவேளான் என்பான். வேட்பாளர் வரி செலுத்தும் நிலமுடையவராக இருத்தல் வேண்டும். முன்னர் வாரியப் பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்படுவர். புதிதாக வென்ற நாட்டில் ஓர் அரசுக்கு வேண்டுவன எவை? வரி செலுத்தத் தகுதியுடையோர் யாவர் என்பதும், வரவுசெலவுக்குப் பொறுப்பேற்கும் அவை எது என்பதும் தெளிவாதல் வேண்டும். உத்திரமேரூர் விதிகளை இந்நோக்கில் படிக்கும்போது அவை உள்ளாட்சியின் சிறப்பை மட்டுமன்றிப் பேரரசின் கட்டுப்பாடு ஊர்வரை இறங்கிய வழியையும் காட்டுகின்றன எனலாம்.

இக்கட்டுப்பாட்டின் வலிமை கி.பி. 949இல் சோதனைக்குள்ளாயிற்று. தக்கோலப் போரில் மூன்றாம் கிருட்டிணனின் படை சோழரை முறியடித்தது. பட்டத்து இளவரசன் இராசாதித்தன் யானைமேலிருந்தவாறே கங்க மன்னன் பூதுகனால் கொல்லப்பட்டான். தொண்டை நாட்டின் பெரும்பகுதி இராட்டிரகூடர் வசமாயிற்று. கிருட்டிணனின் ஆட்சியாண்டுகள் அங்குள்ள கோயிற் சுவர்களில் பொறிக்கப்பெற்றன. எனினும் அந்நாட்டின் சபைகளும் நாட்டவையும் கோயிற்பண்டாரங்களும் கலையவில்லை. கிருட்டிணனுக்குப் பின் இராட்டிரகூடர் பிடி தளர்ந்தபோது சோழர் அங்கு மீண்டும் வேரூன்றியது பெரும்போர் ஒன்றின் விளைவாக அன்று. உத்தம சோழன் காலத்திலேயே காஞ்சிபுரத்துக் கோயில் நிருவாகத்தை ஒழுங்குபடுத்தும் அரச ஆணை செப்பேட்டில் வெளியிடப்பட்டது. ஒரு போரில் இழந்த நாட்டை நிருவாகத் தொடர்ச்சி மீட்டுத் தந்தது என்பதற்குத் தொண்டை நாடு தக்க சான்றாகும்.

மண்டலமும் வளநாடும்

கி.பி. 985இல் அரியணை ஏறிய முதலாம் இராசராசன் இப்பட்டறிவை ஒரு முறையாக வளர்த்தெடுத்தான். அவன் பாண்டியரையும் சேரரையும் வென்றான். கங்கபாடி, நுளம்பபாடி ஆகியவற்றையும் ஈழத்தின் வடபகுதியையும் கைப்பற்றினான். வென்ற நாடுகள் மண்டலங்களாகப் பெயர் மாற்றம் பெற்றன. தொண்டை நாடு சயங்கொண்டசோழ மண்டலமாயிற்று. பாண்டிநாடு இராசராசப் பாண்டிமண்டலமாயிற்று. ஈழம் மும்முடிச்சோழ மண்டலமாயிற்று. கங்கபாடி பின்னர் முடிகொண்டசோழ மண்டலம் எனப்பட்டது. மண்டலம் வளநாடுகளாகவும், வளநாடு நாடுகளாகவும், நாடு ஊர்களாகவும் வகுக்கப்பட்டன. 'நாடு' என்பது உழவர் குடிகளின் பழைய அமைப்பு. சோழர் அதனை அழிக்கவில்லை. வளநாடு என்பதோ இராசராசன் காலத்துப் புதிய பிரிவு. மன்னனின் விருதுப்பெயர்களே அதற்குப் பெயர்களாக இடப்பெற்றன. மக்களின் பழைய அமைப்பின்மீது மன்னனின் புதிய அமைப்பு பொருத்தப்பட்டது.

பெயர் மாற்றத்தால் மட்டும் ஆட்சி நிலைபெறாது. கி.பி. 1001ஆம் ஆண்டளவில் நில அளவை தொடங்கியது. வேலியின் மிக நுண்ணிய பின்னங்கள் வரை நிலம் அளக்கப்பட்டு, ஊர்தோறும் வரி செலுத்தும் நிலமும் வரிநீங்கிய நிலமும் பிரித்தெழுதப்பட்டன. வரிக்கணக்கைப் பேணும் அலுவலர் அமைப்பு புரவுவரித் திணைக்களம் என வழங்கப்பட்டது. படைத்தொழிலுக்கும் வரித்தொழிலுக்கும் இடையே இருந்த நெருக்கத்தையும் நோக்குதல் வேண்டும். நில அளவையை நடத்திய 'உலகளந்தான்' சேனாபதிப் பதவியினன். போரில் படை நடத்தியவனே போருக்குப்பின் நிலத்தை அளந்தான்.

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் இவ்விணைப்பை மேலும் விளக்குகின்றன. சேரரையும் பாண்டியரையும் வென்று கொணர்ந்த பொன்னும் அணிகலன்களும் கோயிலுக்கு அளிக்கப்பட்டன. பல்வேறு படைப்பிரிவுகள் கோயில் அறக்கட்டளைகளுடன் தொடர்புபடுத்தப்பட்டன. கோயிலின் முதலை ஊர்ச்சபைகள் ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டரை விழுக்காட்டு வட்டிக்குப் பெற்றன. இவ்வாறு போரில் வந்த செல்வம் கருவூலத்தில் உறங்காது, காவிரிப் படுகையின் சபைகளுக்குக் கடனாகச் சென்று வட்டியாகத் திரும்பியது. ஸ்பென்சர் கூறும் கொள்ளை உண்மையே. ஆனால் அக்கொள்ளையும் நிருவாக அமைப்புக்குள் உள்வாங்கப்பட்டமையே சோழரின் தனித்தன்மை.

பாண்டிநாட்டில் வேறொரு முறையும் கையாளப்பட்டது. கி.பி. 1020ஆம் ஆண்டளவில் முதலாம் இராசேந்திரன் தன் மகனைச் சடாவர்மன் சுந்தர சோழபாண்டியன் என்னும் பெயருடன் மதுரையில் அமர்த்தினான். சடாவர்மன் என்பது பாண்டியர் மரபுப் பெயர். சோழபாண்டியன் என்பது இரு மரபையும் இணைக்கும் புதுப்பெயர். பாண்டிநாட்டு மக்கள் பழகிய அரச மரபின் சாயலிலேயே சோழ ஆட்சி நடைபெற்றது. இருப்பினும் கிளர்ச்சிகள் ஓயவில்லை. பின்னர் முதலாம் குலோத்துங்கன் பாண்டிநாட்டை மீண்டும் வென்றபோது ஆளுநர் முறையைக் கைவிட்டு, கோட்டாறு உள்ளிட்ட இடங்களில் நிலைப்படைகளை அமைத்தான். ஒரு தலைமுறை நிருவாகத்தால் அடங்காத நாட்டில் மீண்டும் படையை நம்ப வேண்டியதாயிற்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டியர் எழுச்சி பெற்றுச் சோழ அரசையே முடிவுக்குக் கொண்டுவந்தனர் என்பதை நாம் அறிவோம்.

ஈழம்: ஆட்சியின் எல்லை

ஈழம் இவ்வாராய்ச்சிக்கு மிகக் கடினமான சான்று. ஏனெனில் அங்கு போரும் நிருவாகமும் ஒருங்கே செயற்பட்டும் ஆட்சி நிலைக்கவில்லை. கி.பி. 993ஆம் ஆண்டளவில் இராசராசனின் படை, ஐந்தாம் மகிந்தனின் ஆட்சி உட்பூசலால் தளர்ந்திருந்த வேளையில் ஈழத்தினுள் நுழைந்தது. பழைய தலைநகராகிய அனுராதபுரம் அழிவுற்றது. சோழர் பொலன்னறுவையைத் தங்கள் தலைமையிடமாக்கிச் சனநாதமங்கலம் எனப் பெயரிட்டனர். அங்குள்ள வானவன்மாதேவி ஈச்சுரம், மாதோட்டத்து இராசராச ஈச்சுரம் முதலிய கோயில்கள் எழுந்தன. ஈழத்து ஊர்கள் சிலவற்றின் வருவாய் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு உரியதாக்கப்பட்டது. கி.பி. 1017ஆம் ஆண்டளவில் இராசேந்திரனின் படை மகிந்தனையே சிறைப்பிடித்தது. அவன் சோழ நாட்டிலேயே இறந்தான்.

இத்தனைக்கும் பிறகு கி.பி. 1070இல் முதலாம் விசயபாகு சோழரை வெளியேற்றினான். இதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, சோழர் கட்டுப்பாடு தீவின் வடபகுதியோடு நின்றது. தென்கிழக்கிலிருந்த உரோகணம் ஒருபோதும் முழுமையாக அடங்கவில்லை. எதிர்ப்பாளர் அனைவருக்கும் அது புகலிடமாயிற்று. தொண்டை நாட்டில் கிடைத்ததுபோன்று, சோழ ஆட்சியால் நலம் பெற்று அதனைத் தாங்கி நிற்கும் உள்ளூர் நிலவுடைமை அவைகள் ஈழத்தில் போதிய அளவு உருவாகவில்லை. புத்த சங்கமும் அரச மரபும் இணைந்திருந்த சமுதாயத்தில் சிவன் கோயில்கள் அவ்வடித்தளத்தை அமைக்க இயலவில்லை. இரண்டாவது, அதே 1070இல் சோழ நாட்டிலேயே அரியணைச் சிக்கல் எழுந்தது. வீரராசேந்திரனும் அவனையடுத்து அதிராசேந்திரனும் மறைய, கீழைச் சாளுக்கிய மரபில் தோன்றிய முதலாம் குலோத்துங்கன் அரசேற்றான். மையம் தடுமாறியபோது கடலுக்கு அப்பாலிருந்த மண்டலம் முதலில் கைநழுவியது.

கங்கபாடியின் வரலாறும் இதனை ஒத்தது. அங்கு தமிழ்க் கல்வெட்டுகளும் கோயில்களும் பெருகின. கோலார் வட்டாரம் இதற்குச் சான்று. ஆயினும் பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போசள மன்னன் விட்டுணுவர்த்தனன் தலைக்காட்டைக் கைப்பற்றித் 'தலைக்காடு கொண்டான்' என்னும் பொருள்படும் விருதைச் சூடினான். 'கொண்ட' என்னும் சொல் சோழருக்கு எதிராகவும் திரும்பியது.

வேங்கியில் சோழர் நிலத்தை நேரே இணைக்க முயலவில்லை. மணவுறவின் வழியே அரசை வசப்படுத்தினர். இராசராசனின் மகள் குந்தவையை விமலாதித்தனும், இராசேந்திரனின் மகள் அம்மங்கைதேவியை இராசராச நரேந்திரனும் மணந்தனர். அம்மணத்தில் பிறந்தவனே குலோத்துங்கன். எனினும் வேங்கியின்மீது உரிமை கொண்டாடிய மேலைச் சாளுக்கியருடன் சோழர் தலைமுறைதோறும் போரிட நேர்ந்தது. கி.பி. 1054இல் கொப்பத்துப் போர்க்களத்தில் இராசாதிராசன் உயிரிழந்தமை அப்போர்களுக்குச் சோழர் செலுத்திய விலையைக் காட்டும்.

கங்கையும் கடாரமும்

இப்பின்னணியில் இராசேந்திரனின் இரு பெரும் படையெடுப்புகளை நோக்குவோம். கி.பி. 1022–1023 காலத்தில் அவன் படை வங்கம் வரை சென்று பாலர் மன்னன் மகிபாலனை வென்று கங்கை நீருடன் திரும்பியது. கங்கைகொண்ட சோழபுரமும் சோழகங்கம் என்னும் ஏரியும் அவ்வெற்றியின் நினைவாக எழுந்தன. ஆனால் கங்கைக்கரையில் மண்டலம் அமையவில்லை, வளநாடு வகுக்கப்படவில்லை, நிலம் அளக்கப்படவில்லை. வெற்றியின் பயன் முழுவதும் சோழ நாட்டினுள்ளேயே, தலைநகராகவும் ஏரியாகவும் வடிவம் பெற்றது.

கி.பி. 1025ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த கடாரப் படையெடுப்பும் இவ்வகையினதே. இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி சீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் உள்ளிட்ட பதின்மூன்று இடங்களைப் பட்டியலிடுகிறது. கடாரத்தரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் பிடிபட்டதையும் அவனது செல்வம் கவரப்பட்டதையும் அது கூறுகிறது. இவ்விடங்கள் சுமத்திரா, மலாய்த் தீபகற்பம், நிக்கோபார் ஆகியவற்றில் பரவியிருந்த துறைமுகங்கள். சீன வணிகத்தின் கடல்வழியில் அமைந்தவை. சோழர் கி.பி. 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீனப் பேரரசுக்குத் தூது அனுப்பியமையும் இவ்வணிகப் பின்னணியை உணர்த்தும்.

கடாரம் சோழ மண்டலமாயிற்றா என்பதற்கு மூன்று சான்றுகள் விடை தருகின்றன. முதலாவதாக, மலாய்த் தீபகற்பத்தில் சோழ வரி, நில அளவை, வளநாட்டுப் பிரிவு ஆகியவற்றைக் கூறும் கல்வெட்டு ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டாவதாக, வீரராசேந்திரன் தன்னை அடைக்கலம் நாடி வந்த ஒருவனுக்காகக் கடாரத்தை வென்று அவனிடமே திருப்பி அளித்ததாக அவனது ஏழாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு கூறுகிறது. ஏற்கெனவே ஆண்டுவந்த நாட்டை மீண்டும் வென்று பிறருக்கு அளிக்க வேண்டிய தேவை எழாது. மூன்றாவதாக, கி.பி. 1090இல் வெளியிடப்பட்ட சிறிய இலெய்டன் செப்பேட்டில், கடாரத்தரசனின் தூதர் முதலாம் குலோத்துங்கனை அணுகி, நாகப்பட்டினத்துப் புத்தப் பள்ளிகளுக்குரிய ஊர்களின் வரிநீக்கத்தை உறுதிப்படுத்த வேண்டிய செய்தி உள்ளது. தனக்கெனத் தூதர் வைத்திருந்த தனியரசனாகவே கடாரத்தரசன் அங்குக் காணப்படுகிறான். அப்பள்ளிகளுள் முதலாவதாகிய சூடாமணி விகாரம் இராசராசன் காலத்திலேயே கடாரத்து மன்னர் மரபினரால் எழுப்பப்பட்டது. அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை இராசராசன் அளித்தான். நட்பு, போர், மீண்டும் நட்பு என இவ்வுறவு நூறாண்டுகளுக்குள் இருமுறை மாறியது.

அரசின் எல்லையும் மக்களின் எல்லையும்

சோழ அரசு ஆளாத நிலத்திலும் தமிழர் வாழ்ந்தனர் என்பது இவ்வரலாற்றின் மறுபக்கம். தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு அவனிநாரணம் என்னும் குளத்தையும், அதன் காவலை ஏற்ற மணிக்கிராமத்தாரையும் குறிக்கிறது; சோழரின் கடற்படை அப்பக்கம் செல்வதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முற்பட்டது அது. சுமத்திராவின் மேற்குக் கரையில் பாரூசுக்கு அருகே லோபு துவாவில் கிடைத்த கி.பி. 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக்குழுவினரின் முடிவைப் பதிவுசெய்கிறது. அக்கல்வெட்டு சக ஆண்டால் தேதியிடப்பட்டுள்ளது. சோழ மன்னனின் ஆட்சியாண்டால் அன்று. வணிகர் தம் அவையையும் விதியையும் தாமே கொண்டு சென்றனர்.

ஈழத்திலும் இதுவே நிகழ்ந்தது. சோழ ஆட்சி அகன்ற பின்னும் வேளைக்காரப் படையினர் பொலன்னறுவையில் தங்கினர். புத்தரின் புனிதப் பல் பேணப்பட்ட கோயிலைக் காக்கும் பொறுப்பை அவர்கள் ஏற்றதை அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு தெரிவிக்கிறது. அரசு பின்வாங்கியபோது மக்கள் புதிய அரசுடன் புதிய உடன்பாடு கண்டு வாழ்ந்தனர்.

முடிவுரை

சோழரின் நில விரிவாக்கத்தைப் படத்தில் ஒரே வண்ணம் தீட்டிக் காட்டும் வழக்கம் பள்ளிப் பாடநூல்களில் உண்டு. அவ்வண்ணத்தினுள் தன்மையால் வேறுபட்ட நிலங்கள் அடங்கியுள்ளன. தொண்டை நாட்டில் படையெடுப்பைத் தொடர்ந்து அவைகளும் கணக்கும் வந்தன. ஆதலால் ஒரு பெருந்தோல்விக்குப் பின்னும் நாடு மீண்டது. பாண்டிநாட்டிலும் ஈழத்திலும் கங்கபாடியிலும் நிருவாகம் வந்தும் உள்ளூர்ச் சமுதாயத்தின் ஒப்புதல் முழுமையாகக் கிட்டவில்லை. மையம் தளர்ந்தபோது அவை பிரிந்தன. கங்கையிலும் கடாரத்திலும் படை மட்டுமே சென்றது. அது திரும்பியபோது ஆட்சியும் உடன் திரும்பியது.

எனவே மாணவர் கடாரத்தைப் பற்றி வினவும்போது ஆசிரியர் மெய்க்கீர்த்தியோடு நின்றுவிடாது இலெய்டன் செப்பேட்டையும் லோபு துவாக் கல்வெட்டையும் உடன்வைத்து விளக்குதல் வேண்டும். சோழர் இம்மண்ணை ஆண்டனர் என்று கூறச் சான்று இடந்தரவில்லை. இராசேந்திரன் பிறப்பதற்கு முன்பே தமிழ் வணிகர் இக்கடல்வழியில் குளம் காத்து, அவை கூட்டி வாழ்ந்தனர் என்று கூறச் சான்று உண்டு. இப்பகுதியின் தமிழருக்குரிய வரலாற்று உரிமை ஒரு படையெடுப்பைச் சார்ந்து நிற்பதன்று. அதனை நம் வகுப்பறைகளில் சான்றோடு நிலைநாட்டுவது நமது பொறுப்பாகும்.